பழைய டிராலி ஜாக்கியைப் பழுது பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடப்படும் பட்டறைகளில் இருந்தும், பழைய தளவாடங்களைக் கழித்துக் கட்டும் லாரி உரிமையாளர்களிடம் இருந்தும் 3 டன் முதல் 10 டன் வரை தூக்கக்கூடிய கனமான ஹைட்ராலிக் டிராலி ஜாக்கிகள் (எண்ணெய் அழுத்தத்தால் வண்டியைத் தூக்கும், சக்கரம் வைத்த ஜாக்கிகள்) விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையிலும், கோவை உக்கடத்திலும், நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களிலும் இவற்றைத் தேடி வாங்குவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கப்பட்டுள்ளது.

பழைய ஜாக்கியைச் சரி செய்வதை விடப் புதியதாக ஒன்று வாங்கிவிடலாமே?

எப்போதாவது ஒரு காரின் சக்கரத்தைக் கழற்ற மட்டுமே ஜாக்கி வேண்டும் என்றால் புதியது வாங்குவதே சரி. நாள்தோறும் வண்டி ஏறி இறங்கும் பட்டறைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மலிவு விலையில் இன்று கிடைக்கும் சிறிய ஜாக்கிகளின் சட்டம் மெல்லிய தகட்டை மடித்துச் செய்யப்பட்டது; பழைய கனரக ஜாக்கிகளின் பக்கச் சட்டமோ தடித்த எஃகுத் தகட்டாலும் வார்ப்பாலும் ஆனது. அந்த இரும்பு நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் தேய்ந்துவிடுவதில்லை. தேய்பவை எல்லாம் ரப்பர் வளையம், தோல் வாஷர், எண்ணெய் வழியை அடைக்கும் எஃகுக் குண்டு, குண்டு அமரும் இடம் ஆகிய சிறிய உறுப்புகளே. இவற்றில் ஏறத்தாழ அனைத்தையும் மாற்றலாம் அல்லது சீர் செய்யலாம் என்பதால்தான் பழைய ஜாக்கியின் மேல் உழைப்பைச் செலவிடுவது வீணாவதில்லை.

வாங்கும் இடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணெய் கசிகிறதா என்பதை அல்ல, இரும்பு நலமாக இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கசிவை நிறுத்திவிடலாம், விரிசல் விட்ட வார்ப்பை நம்ப முடியாது. தூக்கும் கையின் அச்சுத்துளைகளைச் சுற்றியும், பம்ப் உடல் சட்டத்தோடு சேரும் மூலைகளிலும் ஒரு துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். புதிதாக அடித்த பெயிண்ட் அந்த மூலைகளில் மட்டும் தடிமனாக இருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுவது நல்லது.

அடுத்ததாக, தூக்கும் கையை மேலே தூக்கி, ராம் (எண்ணெய் அழுத்தத்தால் வெளியே வந்து அந்தக் கையைத் தள்ளும் உருளைத் தண்டு) முழுவதும் வெளியே வருமாறு செய்து அதன் பளபளப்பைப் பார்க்க வேண்டும். ராம் வெளியே நீண்ட நிலையிலேயே மழையில் கிடந்த ஜாக்கியில் துருப்புள்ளிகள் இருக்கும். அவை சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) உரசும் நீளத்துக்குள் வருகின்றனவா என்பதே கேள்வி. அந்த நீளத்துக்கு வெளியே உள்ள புள்ளிகளால் கெடுதல் இல்லை. ஹேண்டில், ஹேண்டில் பொருந்தும் குழல், மேலே உள்ள தாங்கு தட்டு ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். விடுபட்ட உறுப்பை லேத்தில் செய்து வாங்கும் செலவு அந்த விலையை எளிதில் தாண்டிவிடும்.

ஒரு சிறிய கசிவு ஏன் முழு ஜாக்கியையும் முடக்கிவிடுகிறது?

ஜாக்கிக்குள் உள்ள அழுத்தத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். எடுத்துக்காட்டாக, 3 டன் ஜாக்கி ஒன்றில் தூக்கும் கையின் அமைப்பினால் ராம் மீது சுமையைப் போல மூன்று மடங்கு விசை, அதாவது 9 டன், விழுவதாகக் கொள்வோம். ராமின் விட்டம் 60 மி.மீ. என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர செ.மீ. எனவே எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 318 கிலோ ஆகிறது. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் 8 கிலோ அளவில்தான் இருக்கிறது. அந்த அழுத்தத்தைப் போல நாற்பது மடங்கை, மிளகு அளவுள்ள ஒரு குண்டும் அது அமரும் நூல் அகல வளையமும் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

இதே ஜாக்கியில் பம்ப் பிளஞ்சரின் (ஹேண்டில் அசைக்கும் சிறு தண்டின்) விட்டம் 12 மி.மீ. என்றால், பரப்புகளின் விகிதம் 25. பிளஞ்சர் 25 மி.மீ. நகர்ந்தால் ராம் 1 மி.மீ. மட்டுமே நகரும். ஹேண்டிலை ஒருமுறை அடிக்கும்போது ராமுக்குப் போய்ச் சேரும் எண்ணெய் அவ்வளவு குறைவு என்பதால், அதில் சில துளிகள் பின்வாங்கினாலும் ஜாக்கி ஏறாமல் நின்றுவிடுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் பிரமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலேயே, எண்ணெய் அல்லது நீர் ராமின் ஓரமாக வழியாமல் தடுப்பதுதான் பெரும் சிக்கலாக இருந்தது. அழுத்தம் கூடக் கூடத் தானாகவே இறுகும் தோல் கிண்ணம்தான் அதைத் தீர்த்தது. பழைய ஜாக்கிகளுக்குள் இன்றும் அதே தோல் கிண்ணத்தைக் காணலாம்.

பிரிப்பதற்கு முன்பே குறையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கண்டுபிடித்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, எல்லா சீலையும் மாற்றி, பூட்டிய பிறகும் ஜாக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று வருத்தப்படுவோர் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தாண்டிச் சென்றவர்கள்.

முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பிறகு, சுமையை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வு உண்மையிலேயே முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். ஹேண்டிலைத் திருகி ரிலீஸ் செய்யும் ஜாக்கிகளில், இடையில் உள்ள இணைப்பு தேய்ந்தோ வளைந்தோ இருந்தால், ஹேண்டில் இறுகியது போலத் தோன்றும், ஆனால் வால்வு மூடியிருக்காது. இணைப்பைக் கழற்றிவிட்டு வால்வுத் தண்டையே நேரடியாக இறுக்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேறு எதுவும் செய்யத் தேவையில்லாமல் இத்தோடு சரியான ஜாக்கிகள் பல உண்டு.

அதன் பிறகு ஒரு சுமையை ஓரளவு தூக்கி, கைகளை எடுத்துவிட்டு, ஹேண்டிலையே கவனியுங்கள். சுமை இறங்க இறங்க ஹேண்டில் தானாக மேலே எழும்பினால், ராமில் உள்ள எண்ணெய் திரும்பி வந்து பிளஞ்சரைத் தள்ளுகிறது என்று பொருள். பம்ப்புக்கும் ராமுக்கும் இடையில், எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வின் குண்டு அமரவில்லை. ஹேண்டில் அசையாமல் இருக்க, வெளியே எண்ணெயும் காணாமல், சுமை மட்டும் மெல்ல இறங்கினால் ரிலீஸ் வால்வின் அமர்விடத்தைச் சந்தேகிக்க வேண்டும். ராமின் முன்பக்கம் எண்ணெய் நனைந்திருந்தால் ராம் சீல் போய்விட்டது. ஹேண்டிலை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் கீழே போனால், தொட்டியில் இருந்து எண்ணெயை இழுக்கும் பக்கத்துக் குண்டு அமராமல், அடிக்கும் எண்ணெய் தொட்டிக்கே திரும்புகிறது. அல்லது பம்ப்பில் காற்று இருக்கிறது. வெறுமையாக நன்றாக ஏறிச் சுமை வைத்ததும் நின்றுவிட்டால், பிளஞ்சர் சீலையும், அளவுக்கு மீறிய சுமையில் எண்ணெயைத் திருப்பிவிடும் ஓவர்லோடு வால்வையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது சுமைக்கு அடியில் ஆக்சில் ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) இருந்தாக வேண்டும். கசியும் இடத்தை விரலால் தடவித் தேடவே கூடாது. இந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் தொடக்கத்தில் குறைவாக இருக்கும்; ஆனால் தாமதித்தால் விரலையே இழக்க நேரும். அப்படி நேர்ந்தால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் உள்ளே பாய்ந்திருப்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

பிரிக்கும்போது எதில் எச்சரிக்கை தேவை?

ஜாக்கியை முழுவதும் இறக்கி, ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்த பிறகே எந்தப் பிளக்கையும் தொட வேண்டும். தூக்கும் கையைக் கீழே இழுக்கும் ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும். அவற்றைக் கொக்கியால் இழுத்துக் கழற்றுங்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். 10 டன் ஜாக்கியின் பம்ப் உடலை ஒருவர் தனியாகத் தூக்கிப் பார்ப்பது இடுப்புக்கு நல்லதல்ல.

ஒவ்வொரு துளையில் இருந்தும் வரும் குண்டையும் ஸ்பிரிங்கையும் தனித்தனிக் கிண்ணத்தில், துளையின் பெயரை எழுதி வையுங்கள். பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் குண்டுகள் கால் அங்குலம், பதினாறில் ஐந்து அங்குலம் என்று அளவில் மாறுபட்டிருக்கும். இடம் மாறிப் போட்டால் ஜாக்கி வேலை செய்யாது. ஆழத்தில் உள்ள குண்டை எடுக்கக் காந்தத்தைப் பயன்படுத்துவதை விட, குச்சி முனையில் கெட்டியான கிரீஸ் தடவி ஒட்டி எடுப்பதே நல்லது. காந்தம் ஏறிய குண்டு இரும்புத் துகள்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அமர்விடத்துக்குப் போகும்.

குண்டு அமரும் இடத்தை எப்படிச் சரி செய்வது?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிக் காற்றால் ஊதிய பிறகு, துளையின் அடியில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நல்ல அமர்விடம் மெல்லிய, பளபளப்பான, எங்கும் அறுபடாத ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டும் கறுப்புக் கோடோ, சிறு குழியோ இருந்தால் எண்ணெய் அதன் வழியாகத்தான் போகிறது. பல நேரங்களில் அது பழைய எண்ணெய் காய்ந்து ஒட்டிய கசடாகவே இருக்கும். கூராக்கிய மூங்கில் குச்சியால் தேய்த்தால் போய்விடும். எமரி தாளை உள்ளே விடக் கூடாது.

கசடு இல்லை, உலோகத்திலேயே சிறு தழும்பு என்றால், பழைய குண்டை அதன் இடத்தில் வைத்து, மேலே பித்தளைக் கம்பியை நேராக நிறுத்தி, சிறிய சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள். குண்டு தன் வடிவத்தை அமர்விடத்தில் பதித்துவிடும். பிறகு அந்தக் குண்டை எறிந்துவிட்டுப் புதிய குண்டைப் போட வேண்டும். தட்டு வாங்கிய குண்டு உருண்டையாக இருக்காது. பலமாக அடித்தால் வளையம் அகன்றுவிடும், அகன்ற வளையம் மெல்லிய வளையத்தைப் போல இறுகாது. ஆழமான குழி இருந்தால் லேத்தில் அமர்விடத்தைப் புதிதாகச் சீவித்தான் ஆக வேண்டும். புதிய குண்டுகள் பேரிங் கடைகளில் கிடைக்கும்; பழைய குண்டை மைக்ரோமீட்டரால் அளந்துகொண்டு போங்கள்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. குண்டை அமர்த்தி, அதன் மேல் துளையில் கொஞ்சம் டீசலை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். கீழ்ப்பக்கத் துளையில் உடனே ஈரம் சொட்டினால் பூட்டிப் பயனில்லை.

சீல் கிட் கிடைக்கவில்லையே, என்ன செய்வது?

அமெரிக்காவில் ரசீன் நகரின் வாக்கர், வாக்கிஷாவின் ஹைன்-வெர்னர் போன்ற புகழ்பெற்ற பழைய தயாரிப்புகளுக்கு அந்நாட்டில் இன்றும் கிட் (தேவையான சீல்கள் அடங்கிய தொகுப்பு) விற்கிறார்கள். பெயர்த்தகடு இல்லாத ஜாக்கிக்கோ, எப்போதோ நின்றுபோன நிறுவனத்தின் ஜாக்கிக்கோ கிட்டைத் தேடி அலைய வேண்டாம். சீல் என்பது அளவுதான். ராமின் விட்டம், சிலிண்டரின் உள்விட்டம், பள்ளத்தின் ஆழம், அகலம் ஆகிய நான்கையும் வெர்னியரால் அளந்து கொடுத்தால், கோவையிலும் சென்னையிலும் உள்ள ஹைட்ராலிக் சீல் கடைகளில் பாலியூரித்தேன் சீலைக் கடைந்தே தருவார்கள். பழைய சீலை அளந்து கொண்டுபோகாதீர்கள்; அது ஊறியோ சுருங்கியோ இருக்கும். பள்ளத்தைத்தான் அளக்க வேண்டும்.

ஓரிங் (வட்டக் குறுக்குவெட்டு கொண்ட ரப்பர் வளையம்) போடும் இடங்களில் நைட்ரைல் ரப்பரில் 90 ஷோர் கடினம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண 70 ஷோர் வளையம் இந்த அழுத்தத்தில் இடைவெளிக்குள் பிதுங்கிக் கிழியும். ஓரிங்கோடு டெஃப்ளான் அல்லது தோல் வளையம் ஒன்றும் இருந்தால் அதை அழுத்தம் இல்லாத பக்கத்தில் வைக்க வேண்டும். கிண்ண வடிவ சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு துளிகூட நிற்காது.

தோல் கிண்ணம் அடிபம்பின் தோல் வாஷரைப் போன்றதுதான். புதிய தோல் கிண்ணத்தை ஹைட்ராலிக் ஆயிலில் ஓர் இரவு ஊற வைத்து, மென்மையான பிறகே பூட்டுங்கள். உலர்ந்த தோலைத் திணித்தால் ஓரம் மடிந்துவிடும்.

ராமில் துருக்குழிகள் இருந்தால்?

விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து நகம் சிக்காவிட்டால், மிக நைசான எமரி தாளில் எண்ணெய் தொட்டு, ராமைச் சுற்றிய திசையில் மெருகேற்றினால் போதும். நகம் சிக்கினால் உருளைக் கிரைண்டிங் செய்து ஹார்டு குரோம் பூசித் திரும்ப அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குழிகள் மேலேயே குரோம் பூசச் சொல்லாதீர்கள். சிலிண்டரின் உள்ளே கீறல் இருந்தால் ஹோனிங் (சாணைக் கற்களால் உள்சுவரைத் தேய்த்துச் சமமாக்குதல்) செய்யலாம். விட்டம் கூடுவதற்கு ஏற்பப் பெரிய சீல் வேண்டும் என்பதால் ஹோனிங் முடிந்த பிறகே சீலுக்கு அளவு கொடுங்கள்.

எந்த எண்ணெய் ஊற்றுவது? பிரேக் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அது நைட்ரைல் ரப்பரை ஊதிப் பெருக்க வைத்துக் கெடுக்கும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவையும் உண்டாக்கும். என்ஜின் ஆயிலும் வேண்டாம். அதன் தடிமனால் குண்டுகள் மெதுவாக அமரும். நம் ஊர் வெப்பத்துக்கு 32 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் பொருத்தமானது. ஜாக்கியைப் பிரிக்கும்போது எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. துருவை எதிர்பார்த்துப் பிரியுங்கள்.

ஜாக்கி முழுவதும் இறங்கிய நிலையில், தொட்டியின் நிரப்புத் துளையின் அடிவிளிம்பு வரைதான் ஊற்ற வேண்டும். ஏற்றிய நிலையில் நிரப்பினால், இறங்கும்போது திரும்பிவரும் எண்ணெய்க்கு இடம் இருக்காது.

காற்றை எப்படி வெளியேற்றுவது?

ராம் இறங்கிய நிலையில், நிரப்புத் துளையைத் திறந்து, ரிலீஸ் வால்வையும் திறந்து வைத்து, ஹேண்டிலை வேகமாகப் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். வால்வை மூடி, வெறுமையாக முழு உயரத்துக்கு ஏற்றி இறக்குங்கள். ஹேண்டிலில் பஞ்சுபோன்ற தளர்ச்சி இருக்கும் வரை இதைத் திரும்பச் செய்துவிட்டு, எண்ணெய் அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.

ஓவர்லோடு வால்வைத் திருகினால் கூடுதலாகத் தூக்குமாமே?

தூக்கும், சட்டமோ அச்சோ உடையும் வரை தூக்கும். அந்த வால்வு வைக்கப்பட்டிருப்பதே அது நிகழாமல் தடுக்கத்தான். சுத்தம் செய்ய அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், திருகு எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று கால் சுற்றுத் துல்லியத்தோடு எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே அளவுக்குத் திரும்ப வைக்க வேண்டும். அதன் பிறகும் பிரஷர் கேஜ் உள்ள ஹைட்ராலிக் பட்டறையில் சரிபார்த்த பிறகே ஜாக்கியைச் சுமைக்கு அடியில் வையுங்கள். சக்கரம் நகரவில்லை என்பதற்காக இந்த வால்வைத் தொட்ட ஜாக்கிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கும்.

சக்கரங்களுக்கும் தூக்குவதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. தூக்கும் கை ஓர் அச்சில் சுழல்வதால் தாங்கு தட்டு நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து போகிறது. அந்த வேறுபாட்டை ஈடு செய்ய, சுமை ஏற ஏற ஜாக்கி தரையில் சிறிது உருள வேண்டும். சக்கரம் துருவில் இறுகியிருந்தால் ஜாக்கி நகராது. தட்டு வண்டியின் அடியில் வழுக்கும். ஆகவே சக்கர அச்சுகளைக் கழற்றி, துரு நீக்கி, கிரீஸ் வைத்து, விரலால் தள்ளினால் சுழலும் நிலைக்குக் கொண்டுவருவது அலங்கார வேலை அல்ல. மண் தரையில் கனமான ஜாக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

விரிசலை வெல்டிங் வைத்து மூடலாமா?

வார்ப்பிரும்பில் விரிசல் என்றால் அந்த ஜாக்கியைப் பழைய இரும்புக்கே போடுங்கள். வெல்டிங்கின் ஓரத்திலேயே வார்ப்பு மீண்டும் வெடிக்கும். வளைந்த கையைச் சூடாக்கி நிமிர்த்துவதும் அப்படியே. எஃகின் வலிமை எங்கே போயிற்று என்று வெளியே தெரியாது. சந்தேகம் இருந்தால் வெல்டிங் பட்டறைகள் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட் ஸ்பிரே செட்டை வாங்கி, சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறிய பிறகு துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும்.

பெயிண்ட் எப்போது அடிப்பது?

சோதனை முடிந்த பிறகு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரமாகத் தேயுங்கள். மணல் அடிக்கக் கொடுப்பதாக இருந்தால் பம்ப்பைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை மட்டும் கொடுங்கள். ஒரு மணல் துகள் போதும், அமர்விடத்தைக் கெடுக்க.

பழுது பார்த்த ஜாக்கியை எப்படிச் சோதிப்பது?

முதலில் வெறுமையாக முழு உயரத்துக்கு ஏற்றி, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் உயரம் குறையாமல் இருந்தால் சுமைக்குப் போகலாம். சமதளமான கான்கிரீட் தரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, குறைந்த எடையில் தொடங்கி, ஜாக்கியின் அளவுக்கு உட்பட்ட வண்டியின் ஒரு முனையைத் தூக்குங்கள். ஆக்சில் ஸ்டாண்டை அடியில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்து, தரைக்கும் தட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால் குறை எஞ்சியிருக்கிறது. ரிலீஸ் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, சுமை குலுங்காமல் மெல்ல இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் தேறிய ஜாக்கியும் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்டாண்டு. அதன் மேல் வண்டி அமர்ந்த பிறகே அடியில் ஆள் போக வேண்டும்.

எத்தனை டன் என்ற தகடு இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

தோற்றத்தையும் எடையையும் வைத்து ஊகிக்காதீர்கள். தகடு இருந்த இடத்தில் ஆணித்துளைகளும், வார்ப்பில் புடைத்த எழுத்துகளும் இருக்கலாம். பெயிண்டைச் சுரண்டி முதலில் அவற்றைத் தேடுங்கள். மாடல் எண் கிடைத்தால் பழைய விலைப்பட்டியல்களில் திறன் தெரிந்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால், கேஜ் உள்ள பட்டறையில் ஓவர்லோடு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்த்து, ராமின் பரப்பையும் கையின் விகிதத்தையும் கொண்டு கணக்கிடலாம். யாராவது அந்த வால்வை முன்பே திருகியிருக்கக்கூடும் என்பதால், கிடைத்த எண்ணில் பாதியையே அதன் திறனாக வைத்து, அந்த எண்ணைச் சட்டத்தின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள்.